உங்கள் பேனலை நான் துடைக்க மாட்டேன்

பிப்ரவரி 4

சம்பந்தி அம்மாவுக்கு,

நடந்த அநியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். பள்ளிக்கூட ஹாலில் நடந்த நம் தெரு மின்சாரச் சங்கக் கூட்டத்தில், சோலார் பேனல் போட என் பட்டறைக் கூரை வேண்டாம் என்று கை தூக்கியவர்களில் நீங்களும் ஒருவர். மற்றவர்கள் தூக்கியது எனக்குப் பெரிதில்லை. பன் என்று நாம் கூப்பிடும் அந்தப் பேக்கரிக்காரன், பக்கத்தில் இருப்பவன் சோம்பல் முறித்தாலும் சேர்ந்து கை தூக்குகிறவன். நீங்கள் அப்படியா? என் மகனுக்குப் பெண் கொடுத்தவர். உங்கள் மருந்துக்கடைக்கும் என் லேத் பட்டறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த நான் திரும்பிப் பார்த்தேன். உங்கள் கை வளையலோடு நன்றாகத் தெரிந்தது.

மறுநாள் காலையில் சண்டை போடுவதற்காக வேலைச் சட்டையை மாற்றிக்கொண்டு உங்கள் கடைக்கு வந்தேன். கடைப்பெண் மட்டும் நிற்கிறாள். "அம்மா அதிகாலையே கிளம்பிட்டாங்க. அங்க பொண்ணுக்குக் கால் ஒடிஞ்சிருச்சாம்" என்கிறாள். மருமகள் காலுக்காக நீங்கள் என் மகன் வீட்டுக்கு ஓடியது சரி. அதில் எனக்கு ஒரு சொல் கிடையாது. என் மகனுக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கவே இரண்டு பேர் உதவி வேண்டும். ஆனால் ஒரு மனிதனுக்கு இவ்வளவு பெரிய கோபத்தை மூட்டிவிட்டு, சண்டை போட எதிராளே இல்லாமல் விட்டுப் போவது என்ன நியாயம்?

போனில் கேட்டுவிடலாமே என்று மகன் சொன்னான். மாட்டேன். போனில் நீங்கள் சிரித்தே சமாளித்துவிடுவீர்கள். காகிதத்தில் சிரிப்பு கேட்காது. அதனால்தான் தபால். பதிலும் தபாலில் வரட்டும்.

இனி செய்தி. பேனல்கள் வந்து இறங்கிவிட்டன, ஏறியும்விட்டன. கூரை என்னுடையது இல்லாவிட்டால் என்ன, சங்கம் நம்முடையது. மின்சாரம் போய் உங்கள் ஃப்ரிட்ஜில் இருந்த மருந்தெல்லாம் கெட்ட அன்று, "நம்ம தெருவே சேர்ந்து சொந்தமா கரண்ட் எடுத்தா என்ன?" என்று நடுத்தெருவில் நின்று கேட்டீர்களே, அந்தக் கேள்வி இன்று பள்ளிக்கூடத்து மொட்டை மாடியில் பளபளவென்று படுத்திருக்கிறது. லாரியிலிருந்து ஒவ்வொன்றாகக் கயிற்றில் ஏறும்போது பிள்ளைகள் ஜன்னல் கம்பியோடு கம்பியாக ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய டீச்சர் பாடம் நடத்துவதை விட்டுவிட்டு, அவரும் ஒரு ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். ஃபிட்டர் பெண் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு மாடி விளிம்பில் நின்று, "மெதுவா, மெதுவா, கொழந்தையத் தூக்கற மாதிரி" என்று அதட்டிக்கொண்டே இருந்தாள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. இந்த வயதில் இப்படி அடித்துக்கொள்ளக் கூடாது என்பார்கள். அடித்துக்கொண்டது.

ஆளுக்கு ஒரு பேனல் என்று பேசியபடி, ஒவ்வொன்றின் சட்டத்திலும் உரியவர் பெயரை வெள்ளைப் பெயிண்டில் நானே எழுதினேன். தெருவைப் பார்த்த வரிசையில் பன், தையல்காரம்மா, சைக்கிள்கடை, பெரிய டீச்சர். அதற்கடுத்து உங்களுடையது. கடைசியில் என்னுடையது. உங்களையும் என்னையும் பக்கத்தில் போட்டது ஃபிட்டர் பெண்ணின் குறும்பு. நான் சிரிக்கவில்லை.

இன்னொரு தீர்மானமும் நிறைவேறியது. ஞாயிறு காலை அவரவர் பேனலை அவரவரே துடைக்க வேண்டும். அடுத்தவர் பேனலைத் தொடக் கூடாது. கொண்டுவந்தவன் நான். பொதுவில் கிடப்பதை இந்தத் தெருவில் எவனும் துடைக்க மாட்டான். தன்னுடையது என்றால் மூச்சை ஊதி ஊதித் துடைப்பான்.

மருமகளிடம் காலை ஊன்ற வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கோபம் குறையாத,
சம்பந்தி, பட்டறை


பிப்ரவரி 16

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கோபம் தபால்தலை ஒட்டிப் பத்திரமாக வந்து சேர்ந்தது. உங்கள் மருமகள் காலைத் தலையணை மேல் நீட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தாள். "மாமா எழுத்துகூட லேத்துல கடைஞ்ச மாதிரியே இருக்கும்மா" என்றாள். மாவுக்கட்டு அப்படியே இருக்கிறது. அதற்குள் அரிப்பு என்று என் பின்னல் ஊசியைக் கேட்கிறாள். உங்கள் மகனுக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கத் தெரிந்துவிட்டது. இறக்கி வைக்கத்தான் மறந்துபோகிறது. இரண்டு பாத்திரங்கள் போயின.

இப்போது என் கை விஷயம். கூட்டத்துக்கு முன்பு ஃபிட்டர் பெண் என்னை உங்கள் பட்டறைக்குள் கூட்டிப் போய் அண்ணாந்து பார்க்கச் சொன்னாள். நீங்கள் அப்போது இரும்பு வாங்கப் போயிருந்தீர்கள். நடு உத்திரத்தில் என் விரல் நுழைகிற விரிசல். அதற்கு நேர் கீழேதான் லேத்தைப் போட்டு நாள் முழுக்க நிற்கிறீர்கள். உங்களிடம் சொன்னால், "எங்கப்பா வச்ச உத்திரம், அது எனக்கப்புறமும் நிக்கும்" என்பீர்கள். அது நிற்கும். நீங்கள் நிற்பீர்களா? பேனலோடு கூரை உங்கள் தலையில் இறங்குவதற்கு என்னால் சம்மதிக்க முடியாது. மறுபடி ஓட்டு வைத்தால் இரண்டு கையையும் தூக்குவேன். இரண்டிலும் வளையல் இருக்கிறது.

ஆனால் பேனல் ஏறிய அன்று நான் அங்கே இல்லையே என்பது எனக்கு எத்தனை ஏக்கம் என்று நீங்கள் கேட்கவே இல்லை. அந்தப் பக்கத்தை நான் மட்டும் மூன்று தடவை படித்தேன். இங்கே ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வெறும் கூரைகள். வெயில் சும்மா காய்ந்துகொண்டிருக்கிறது. பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. மாடிப்படியில் பார்த்த பக்கத்து வீட்டம்மாவிடம் நம் சங்கத்தைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு என்னிடமிருந்து நழுவ வழி தெரியவில்லை.

ஒரே ஒரு உதவி. நான் வரும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் பேனலைத் துடைக்கும்போது பக்கத்தில் இருக்கும் என்னுடையதையும் ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள். நீங்கள் போட்ட விதி எனக்குத் தெரியும். எழுதியும் கேட்கிறேன்.

அன்புடன்,
சம்பந்தி, மருந்துக்கடை


மார்ச் 1

சம்பந்தி அம்மாவுக்கு,

உத்திரத்தில் இருப்பது விரிசல் இல்லை. மரத்தின் ரேகை. மருந்து விற்பவர்களுக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும்?

அதை விடுங்கள். ஓடுகிறது. எல்லாம் ஓடுகிறது. பெரிய டீச்சர் ஸ்விட்சைப் போட்டார். போடும்போது கண்ணை மூடிக்கொண்டார், பட்டாசு கொளுத்துகிறவர் மாதிரி. வகுப்பு விசிறிகள் எல்லாம் சுற்றின. கம்ப்யூட்டர் அறையில் பாதிப் பிள்ளைகள் வேலை செய்ய மீதிப் பேர் பின்னால் நிற்பார்களே, அன்று நிற்க ஆளே இல்லை. தண்ணீர் மோட்டார் ஓடி மாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. யாருக்கும் அதை நிறுத்த மனம் வரவில்லை. எல்லாரும் போய் அந்தத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டு வந்தோம்.

பள்ளிக்குப் போக மிச்சம் கடைகளுக்கு வருகிறது. பன் மாவு பிசையும் மெஷினைப் போட்டுவிட்டு, "அண்ணே, வெயில்ல மாவு பிசையறேன்" என்று தெருவில் போகிற வருகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான். தையல்காரம்மா எல்லாத் தையல் மெஷினையும் ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்த்தாள். தைக்கத் துணி இல்லை, சும்மா ஓட்டினாள். உங்கள் ஃப்ரிட்ஜ் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. கடைப்பெண் அதைத் திறந்து திறந்து கையை உள்ளே விட்டுப் பார்க்கிறாள். நான் திட்டினேன்.

ஞாயிறு காலை மாடி பார்க்க வேண்டும். வாளியும் துணியுமாக ஒரே கூட்டம். சைக்கிள்கடைக்காரர் தன் பேனலைத் துடைத்துவிட்டுக் குனிந்து அதில் தலை சீவிக்கொள்கிறார். "உன்னுதுல ஒரு கோடு நிக்குது" என்று ஒருவர் சொன்னால் மற்றவர் மறுபடி துடைக்கிறார். எனது தீர்மானம் எப்படி வேலை செய்கிறது பார்த்தீர்களா?

உங்கள் பேனல் மட்டும் மண் பூசிக்கொண்டு கிடக்கிறது. எதிரே ரோடு போடுகிறார்கள், புழுதி பறக்கிறது. ஒரு காக்கையும் அதைத் தன் இடமாக எழுதி வாங்கிக்கொண்டது. நான் துடைக்க மாட்டேன். விதி என்றால் விதி. உங்களுக்காக வளைத்தால் நாளைக்குப் பன் தன்னுடையதையும் துடைக்கச் சொல்வான். நீங்கள் வந்து துடையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஏப்ரலில் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்து மீட்டரைப் பார்ப்பார். பள்ளியின் பகல் தேவை முழுவதையும் நாம் கொடுத்திருந்தால் கூரை நம்முடையதாகவே இருக்கும். குறைந்திருந்தால், ஒரு பெரிய கம்பெனி அந்தக் கூரைக்கு வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறது, அதற்குப் போய்விடும். நாம் அவரவர் பேனலைத் தலையில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் குறையாது. நான் இருக்கிறேன்.

இன்னும் கோபமாக,
சம்பந்தி, பட்டறை


மார்ச் 12

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

மாவுக்கட்டு பிரித்தாயிற்று. உங்கள் மருமகள் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைவரை நடந்தாள். உங்கள் மகன் பின்னால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டே நடந்தான், விழுந்தால் உட்கார வைக்க. பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

தொட்டி வழிந்ததைப் படித்தபோது நானும் எழுந்து போய்க் குழாயைத் திறந்து காலை நனைத்துக்கொண்டேன். ஏன் என்று உங்கள் மருமகள் கேட்டாள். சும்மா என்றேன்.

ஒரு விஷயம். பிள்ளைகள் இருவரும் என்னை இங்கேயே இருந்துவிடச் சொல்கிறார்கள். இங்கே ஒரு அறை சும்மா கிடக்கிறது, அதில் எனக்குக் கட்டிலும் போட்டுவிட்டார்கள். கடைப்பெண் மருந்துப் படிப்பை முடித்துவிட்டாள், நான் இல்லாமலே கடை நடக்கிறது என்பதை உங்கள் கடிதத்திலேயே பார்க்கிறேன். வீட்டை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடலாம் என்கிறான் உங்கள் மகன். ஏப்ரல் கடைசிக்குள் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

ஆகவே என் பேனலை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இத்துடன் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். உங்களுடையது ஆகிவிட்டால் உங்கள் விதிப்படியே நீங்கள் துடைக்கலாம். விதியும் வளையாது, காக்கைக்கும் வேறு இடம் கிடைக்கும்.

ரோட்டுப் புழுதி உங்களுக்கு இருமலைக் கிளப்பும். கடைப்பெண்ணிடம் அந்தப் பச்சை மூடி மருந்தைக் கேளுங்கள், அவளுக்குத் தெரியும்.

அன்புடன்,
சம்பந்தி, மருந்துக்கடை


மார்ச் 24

சம்பந்தி அம்மாவுக்கு,

நீங்கள் அனுப்பிய காகிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கிழிக்கவில்லை. கிழித்தால் கோபத்தில் செய்தேன் என்பீர்கள். நிதானமாக மடித்து அனுப்புகிறேன்.

முதல் அநியாயம் கை தூக்கியது. இது இரண்டாவது, இதற்குப் பக்கத்தில் முதலாவது ஒன்றுமே இல்லை. தெருவையே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு எழுந்து போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அந்தச் சாதி இல்லை என்று நினைத்திருந்தேன். உங்கள் பேனல் எனக்கு வேண்டாம். சட்டத்தில் 'மருந்துக்கடை' என்று எழுதியவன் நான். அதை அழிக்க எனக்குத் தெரியாது.

இதற்கு நடுவில் இங்கே தலைக்கு மேல் வெள்ளம். நம் வரிசையில் மின்சாரம் குறைகிறது. மற்ற வரிசைகள் நன்றாக இருக்கின்றன, நம்முடையது மட்டும் வாரத்துக்கு வாரம் இறங்குகிறது. மதியம் கம்ப்யூட்டர் அறையில் பாதியை அணைத்துவிட்டார்கள். பிள்ளைகள் மறுபடி பின்னால் நிற்கிறார்கள். பன்னுக்கும் தையல்காரம்மாவுக்கும் பேச்சு நின்றுவிட்டது. அவன் மாவு மெஷின்தான் உறிஞ்சுகிறது என்று அவள். அவள் இஸ்திரிப் பெட்டிதான் என்று அவன்.

இன்வெர்ட்டரில்தான் கோளாறு என்று எனக்குத் தோன்றியது. ஒரு இன்வெர்ட்டரைப் பிரித்துப் போட்டுத்தான் நான் மின்சாரமே கற்றுக்கொண்டேன். ஸ்க்ரூ டிரைவரோடு போனேன். ஃபிட்டர் பெண் குறுக்கே நின்றுகொண்டாள்.

"ஐயா, அதத் தொட்டீங்கன்னா நான் வேலைய விட்டுட்டுப் போயிருவேன்."

"அப்ப எதுல கோளாறு, சொல்லு."

மாடிக்குக் கூட்டிப் போனாள். கையில் ஒரு சின்னக் கருவி. பன்னுடையது நன்றாக இருந்தது. தையல்காரம்மாவுடையது நன்றாக இருந்தது. ஒவ்வொன்றாக வந்து உங்கள் பேனல் முன்னால் நின்றாள். அந்த மண்ணையும் காக்கை போட்டதையும் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒரு வரிசைன்னா கை மாத்திக் கை மாத்திச் செங்கல் குடுக்கற மாதிரிங்க ஐயா. நடுவுல ஒருத்தர் கை சுணங்கினா மொத்த வரிசையும் அவர் வேகத்துக்குத்தான் போகும். இது சுணங்குது. இது ஒண்ணு பிடிச்சு இழுக்கறதால உங்களோடதும் சேர்த்து எல்லாமே இறங்குது."

அதற்குள் எல்லாரும் மாடிக்கு வந்துவிட்டார்கள். பன் ஒரு துணியை நீட்டினான். "அண்ணே, நீங்க தொட மாட்டீங்கன்னா நானாவது தொடைக்கறேன்."

"தொட்டால் சங்கத்தை விட்டு விலக்குவேன்" என்றேன். பன் துணியை மடித்துக்கொண்டான். பெரிய டீச்சர் மட்டும், "அதிகாரி வர்ற தேதி போட்டாச்சு அண்ணே" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. திட்டியிருக்கலாம்.

தவறு உங்கள் பேனலுடையது. அதன் சொந்தக்காரர் வந்து துடைக்க வேண்டும். இதில் மாற்றமில்லை.

பச்சை மூடி மருந்து இருமலுக்குக் கேட்கிறது. பகல் டீக்கு நீங்கள் சுவரைத் தட்டிக் கூப்பிடுவீர்களே, அந்த வேலையைக் கடைப்பெண் எடுத்துக்கொண்டாள். தட்டத் தெரியவில்லை அவளுக்கு. ஏதோ கடன்காரன் கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது.

சம்பந்தி, பட்டறை


ஏப்ரல் 3

சம்பந்தி அவர்களுக்கு,

இதுவரை உங்கள் கோபத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். இன்று எனக்கே வந்துவிட்டது.

ஒரு துணியை நனைத்து ஒரு கண்ணாடியைத் துடைப்பதற்கு உங்களுக்கு என்ன? பிள்ளைகள் மறுபடி பின்னால் நிற்கிறார்கள் என்று நீங்களே எழுதுகிறீர்கள். அடுத்த வரியில் மாற்றமில்லை என்கிறீர்கள். கூரை கம்பெனிக்குப் போனால் விதியை எந்தச் சுவரில் மாட்டுவீர்கள்? வீடு வீடாக ஏறி ஒவ்வொருவரையும் சேர்த்தது நானும் நீங்களும். பன்னின் மனைவியை ஒப்புக்கொள்ள வைக்க அவர்கள் வீட்டில் எத்தனை டீ குடித்தோம். என் பெயர் எழுதிய பேனலால் அது போயிற்று என்று நாளைக்குத் தெரு சொல்லும். இதைத்தான் எனக்குக் கொடுக்க நினைக்கிறீர்களா?

மாற்றித் தரச் சொன்னது ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை, திட்டினீர்கள். நானே சொல்கிறேன். உங்கள் மருமகள் எழுந்து நடக்கத் தொடங்கியதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. கூடவே என் வீட்டு வாசலும் வந்தது. கடையில் பகல் முழுக்க ஆள் நடமாட்டம், உங்கள் லேத் சத்தம். கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போனால் வாசலில் ஒரே ஒரு ஜோடிச் செருப்பு, அதுவும் நான் கழற்றிப் போட்டது. என் வீட்டுக்காரர் போனதிலிருந்து அப்படித்தான். நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கே கதவைத் திறந்தால் மூன்று ஜோடி கிடக்கிறது, தடுக்கி விழுகிற மாதிரி. அந்தத் தடுக்கலுக்கு ஆசைப்பட்டுவிட்டேன். அவ்வளவுதான்.

இதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. பேனலுக்கு முடியும். துடைத்துவிடுங்கள்.

மருந்துக்கடை


ஏப்ரல் 17

சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பட்டறையை மூடிவிட்டு நேரே பள்ளிக்குப் போய் அவசரக் கூட்டம் கேட்டேன். அதிகாரி வர இன்னும் சில நாட்களே இருந்தன. எல்லாரும் வந்துவிட்டார்கள். என்னைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கத்தான் கூட்டம் என்று பன்னிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆர்வமாக முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

நான் எழுந்து, "இனிமே யாரும் தன் பேனலைத் துடைக்கக் கூடாது" என்றேன்.

பன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான்.

"பக்கத்துப் பேனலைத்தான் துடைக்கணும். ரெண்டு ரெண்டு பேரா ஜோடி. உன்னுதை அவன், அவனுதை நீ. தன்னுதைத் தொட்டா விலக்கல்."

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அண்ணே, இது உங்க பழைய தீர்மானத்துக்கு நேர் எதிரா இருக்கே."

"பழையது சரிதான். இது அதைவிடச் சரி."

"அப்ப இந்தப் பன்னு என் பேனலத் தொடைக்கணுமா?" என்றாள் தையல்காரம்மா. "இவன் கையெல்லாம் நெய். வெயில்ல என் பேனல் பொரிஞ்சு போகும்."

"நீங்க தொடைச்சா என்னுதுல நூலா ஒட்டும்" என்றான் பன். "யாராவது பாத்தா பேனலுக்குச் சட்டை தைச்சிருக்காங்கன்னு நெனப்பாங்க."

பேச்சு நின்றுபோயிருந்த இருவரும் இப்படி ஆரம்பித்து, கூட்டம் முடியும்வரை நிறுத்தவில்லை. ஓட்டுக்கு விட்டேன். எல்லாக் கையும் ஏறின. பன் வழக்கம்போல முதலில். நான் திரும்பி உங்கள் நாற்காலியைப் பார்த்தேன். பழக்கம்.

மறுநாள் காலை மாடிக்குப் போனோம். ஃபிட்டர் பெண் கீழே மீட்டர் அருகே நின்றாள். நான் உங்கள் பேனலில் தண்ணீரை ஊற்றினேன். மண் கரைந்து ஓடியது. காக்கை போட்டது மட்டும் சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது, அதை ஊற வைத்து, நகத்தால் இல்லை, துணியால், ஒரு கீறல் விழாமல் எடுத்தேன். பாதி துடைத்திருப்பேன். கீழேயிருந்து குரல் வந்தது. "ஐயா, ஏறுது."

துடைத்தேன். "இன்னும் ஏறுது."

பெரிய டீச்சர் படியில் ஓடினார். அந்த உடம்போடு அவர் ஓடி நான் பார்த்ததில்லை. அவர் பின்னால் பன், தையல்காரம்மா, சைக்கிள்கடைக்காரர் எல்லாரும் மீட்டரைப் பார்க்க ஓடிவிட்டார்கள். மாடியில் நானும் உங்கள் பேனலும் மட்டும். கடைசி மூலையைத் துடைத்து முடித்தபோது கீழே கைத்தட்டல் கேட்டது. அதில் என் முகம் தெரிந்தது. பரவாயில்லை, வயசாகியிருக்கிறது.

அன்று மதியம் கம்ப்யூட்டர் அறை முழுவதும் ஓடியது. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும். அதிகாரி வந்தார். அதிகம் பேசாத மனிதர். மீட்டரைப் பார்த்தார், தன் காகிதத்தைப் பார்த்தார், மறுபடி மீட்டரைப் பார்த்தார். மோட்டார் ஏற்றிய தண்ணீரைக் குழாயில் பிடித்துக் குடித்தார். பிறகு, "கம்பெனிக்காரங்க கேட்டா என்ன சொல்றது?" என்றார். "கூரையில எடமில்லன்னு சொல்லுங்க" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார். கூரை நமக்கு. சம்பந்தி அம்மா, கூரை நமக்கு. பன் தெரு முழுக்க ரொட்டி கொடுத்தான். அச்சில் கருகியதுதான், இருந்தாலும் கொடுத்தான்.

இனி உங்கள் விஷயம். கவனமாகப் படியுங்கள்.

ஜோடியில் உங்களுக்கு நான், எனக்கு நீங்கள். உங்கள் பேனலைப் புதிய தீர்மானப்படி நான் துடைத்துவிட்டேன், வாராவாரம் துடைப்பேன். எனது பேனலை இனி நான் தொட முடியாது. தொட உரிமை உள்ளவர் நீங்கள் ஒருவரே. கடைசியாகப் பழைய விதியில் துடைத்தது, இப்போதைக்குச் சுத்தமாக இருக்கிறது. ரோட்டு வேலை முடியவில்லை. மழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காக்கை நேற்று என் பேனலில் உட்கார்ந்து இடம் பார்த்துவிட்டுப் போயிற்று. அது சுணங்கினால் வரிசை சுணங்கும் என்பது உங்களுக்குத் தெரியும், நான் எழுதியதுதான். கடைப்பெண்ணை அனுப்புகிறேன் என்று எழுத வேண்டாம். ஆள் மாற்றக் கூடாது என்று தீர்மானத்திலேயே சேர்த்துவிட்டேன்.

செருப்பு பற்றி எழுதியிருந்தீர்கள். நான் ஒன்றும் செய்ய முடியாது என்றும் எழுதியிருந்தீர்கள். அதே கூட்டத்தில் இன்னொரு தீர்மானமும் போட்டோம். சங்கம் இனி வாராவாரம் கூடும், உங்கள் வீட்டு முன் அறையில். மற்ற நாட்களுக்கும் ஆள் இருக்கிறது. தையல்காரம்மா வீட்டில் பகலெல்லாம் மெஷின் சத்தமாம், சாயங்காலக் கைவேலையை உங்கள் அறையில் வந்து செய்யலாமா என்று கேட்கிறாள். அவளோடு வரும் பெண்கள் நாலைந்து பேர். தடுக்கி விழுந்தால் மருந்து உங்களிடமே இருக்கிறது.

உத்திரத்தை மாற்றுகிறேன். விரிசலுக்காக இல்லை. அந்த ரேகை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. இரும்பு உத்திரம் வருகிறது. அடுத்த வரிசைப் பேனலுக்கு என் கூரையை எடுத்துக்கொள்ளச் சொல்லி மறுபடி கேட்டிருக்கிறேன், மே மாதம் ஓட்டு.

பிள்ளைகளிடம் ஏப்ரல் கடைசிக்குள் பதில் சொல்வதாகச் சொன்னீர்கள். அதற்கு முன்பு இது கையில் கிடைக்கும் என்று தபால்காரர் சொன்னார். பள்ளிக் கதவில் ஒட்டிய அறிவிப்பைக் கீழே அப்படியே எழுதியிருக்கிறேன்.

விட்டுக்கொடுக்காத,
சம்பந்தி, பட்டறை


அறிவிப்பு: செய்ய வேண்டியதும் செய்ய வேண்டியவரும்

மீட்டரை நாள்தோறும் பார்ப்பது: பெரிய டீச்சர்.

ஒயர்களையும் இன்வெர்ட்டரையும் பார்ப்பது: ஃபிட்டர் பெண் மட்டும். பட்டறைக்காரர் தொடக் கூடாது.

மருந்துக்கடை அம்மா வீட்டு ஜன்னல்களைத் திறந்து தூசி தட்டி வைப்பது: கடைப்பெண், இந்த வாரமே.

அதே வீட்டு வாசலுக்குச் செருப்பு வைக்கப் பெரிய பலகை: பட்டறை.

தையல்காரம்மா பேனல்: பன், கையைக் கழுவிவிட்டு.

பன் பேனல்: தையல்காரம்மா.

சைக்கிள்கடை பேனல்: பெரிய டீச்சர்.

பெரிய டீச்சர் பேனல்: சைக்கிள்கடை.

மருந்துக்கடை பேனல்: பட்டறை.

மே மாதக் கூட்டத்தில் பட்டறைக் கூரைக்குக் கை தூக்குவது: மருந்துக்கடை, நேரில்.

பட்டறை பேனல்: மருந்துக்கடை.